கல்வராயன் மழையும் பிச்சாவரத்து வேரும்

ஐப்பசியில் நாலைந்து நாள் விடாமல் மழை பிடித்துக்கொண்டால், கச்சிராயபாளையத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது முதலில் விசாரிப்பது கோமுகி அணையின் மட்டத்தைத்தான். 46 அடி உயரமும் 560 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட சிறிய அணை அது. கல்வராயன் மலையின் ஓடைகள் ஒன்றாகத் திரண்டு வந்தால் ஓரிரு நாளிலேயே மட்டம் மளமளவென்று ஏறிவிடும். நிரம்பும் தறுவாயில் மதகைத் திறந்து உபரிநீரை ஆற்றில் விடுவார்கள். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து விவசாயிகள் பாலத்தில் நின்று, செம்மண் நிறத்தில் நுரைத்துப் போகும் வெள்ளத்தைப் பார்ப்பார்கள். அப்போது தவறாமல் ஒரு பேச்சு எழும்: “இவ்வளவு தண்ணியும் வீணா கடல்ல போய்க் கலக்குதே!”

இந்தப் பேச்சு தமிழ்நாட்டுக்கே பொது. மேடைகளிலும் சட்டமன்றத்திலும் தலையங்கங்களிலும் பல பத்தாண்டுகளாக ஒலிக்கிறது. அதில் நியாயமான ஏக்கமும் இருக்கிறது. கோமுகி அணையை நம்பிப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பயிர் நிற்கிறது. சித்திரையில் அந்த அணையின் தரை தெரிவதைப் பார்த்தவர்களுக்கு ஐப்பசி வெள்ளம் கைநழுவிப் போவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் அதற்காக ஒரு காடே காத்திருக்கிறது என்பதைக் கள்ளக்குறிச்சியில் அநேகமாக யாரும் பேசுவதில்லை. அலையாத்திக் காடுகளையும் பவளப்பாறைகளையும் காப்பது பற்றி எழுதப்படுவது பெரும்பாலும் கடற்கரையில் தொடங்கிக் கடற்கரையிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கதையின் பாதி மலையில் இருக்கிறது.

ஆற்றோடு போனால்தான் அது தெரியும். கோமுகி கள்ளக்குறிச்சிச் சமவெளியைக் கடந்து, விருத்தாசலத்துக்கு மேலே மணிமுத்தாற்றோடு கலக்கிறது. மணிமுத்தாறும் இதே மலையின் பிள்ளைதான். சங்கராபுரம் பக்கம் மணிமுக்தா அணையில் தங்கி, விருத்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் விழுகிறது. இரண்டு ஆறுகள் கூடும் இடம் என்பதை ஊர்ப் பெயரே சொல்கிறது. சுந்தரர் பாடிய தலம். மலையின் மேற்குச் சரிவில், சேலம் மாவட்டத்தில் பெய்யும் மழை வேறெங்கோ போகிறது என்று நினைக்கவேண்டாம். அது கரியகோவில் ஆற்றின் வழியாக வசிட்ட நதிக்கு வருகிறது. வசிட்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு என்ற பெயரே பிறக்கிறது. ஆக, கல்வராயனின் கிழக்கில் பெய்தாலும் மேற்கில் பெய்தாலும் பெரும்பகுதி ஒரே ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது. வடக்குச் சரிவின் நீர் மட்டும் தென்பெண்ணைக்குப் போகிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அந்த முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம்.

பிச்சாவரத்தைப் பலரும் படகுச் சவாரியாகவே அறிந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் கிளைகள் கூடி நிற்க, குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகு நுழைந்து போகும் காட்சி சினிமாவிலும் வந்துவிட்டது. 50க்கும் மேற்பட்ட திட்டுகள், அவற்றுக்கிடையே ஓடும் எண்ணற்ற வாய்க்கால்கள், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் காப்புக்காடு. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டின் மொத்த அலையாத்திக் காடே 45 சதுர கிலோமீட்டர்தான் என்று இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கை சொல்கிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை கொண்ட ஒரு மாநிலத்தின் பங்கு அதில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. இருப்பது இவ்வளவுதான் என்பதாலேயே ஒவ்வொரு திட்டும் முக்கியமாகிறது.

இந்த மரங்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கண்டலையும் தாழையையும் ஞாழலையும் அருகில் நின்று பார்த்தவர்கள். சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, ஒரு சதுப்பு நில மரத்தின் பெயர். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் என்று விறகு வெட்டுபவர்கள் அஞ்சுவார்கள். நடராசர் கோயிலின் தலமரம் அதுதான். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க இன்று சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். ஒரு காலத்தில் காடு எதுவரை பரவியிருந்தது என்பதற்கு ஊர்ப் பெயரைவிட நல்ல சான்று கிடைக்காது.

பிச்சாவரத்தில் கண்ணைக் கவர்வது சுரபுன்னை. வளைந்த முட்டுவேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் தன்னைத் தூக்கிப் பிடித்து நிற்கும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். விழும்போது ஈட்டியாகச் சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்துபோய் இன்னொரு கரையில் வேர் பிடிக்கும். வெண்கண்டலின் வழி வேறு. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டிக் காற்றை உறிஞ்சும். உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் அந்த இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு சுரபுன்னைக் கலப்பினமும் இங்கே இருக்கிறது. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் க. கதிரேசன் 1990களில் அதை உலகுக்கு அறிவித்தார்.

இந்த மரங்கள் உப்பைத் தாங்கும் என்பதால் உப்பை விரும்பும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிழை நடப்பது அங்கேதான். கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த இடைநிலை நீரில்தான் இவை செழித்து வளரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நல்ல வெள்ளம் வந்து மண்ணில் படிந்த உப்பைக் கழுவவேண்டும். கூடவே வண்டலும் வரவேண்டும். வெள்ளம் குறைந்தால் காடு உடனே சாகாது. உப்புக்கு ஈடுகொடுக்காத இனங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கும், உயர்ந்து வளரவேண்டிய மரம் குட்டையாகும், கடைசியில் எதையும் தாங்கும் வெண்கண்டல் மட்டும் பரந்து நிற்கும். தூரத்திலிருந்தும் செயற்கைக்கோள் படத்திலும் பார்க்கப் பச்சை அப்படியேதான் இருக்கும். காவிரியின் கடைமடையில், முத்துப்பேட்டையின் பரந்த காட்டில், வெண்கண்டலே மிகுந்து நிற்பது அந்தக் கதையைத்தான் சொல்கிறது.

பிச்சாவரம் ஒருமுறை சாவின் விளிம்புவரை போய் வந்த காடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை இங்கே பகுதி பகுதியாக மரம் முழுவதையும் வெட்டி எடுக்கும் முறை நடைமுறையில் இருந்தது. வெட்டிய இடத்தில் தானாகவே மறுபடி முளைக்கும் என்பது கணக்கு. மலைக்காட்டில் ஓரளவு பலித்த அந்தக் கணக்கு சதுப்பில் பொய்த்தது. நிழல் போனதும் சேற்று மண் வெயிலில் காய்ந்து சுருங்கி, நடுப்பகுதி தட்டுப்போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி ஆவியானது. உப்பு ஏறி ஏறி, விதை விழுந்தாலும் முளைக்காத பாத்தியாக மாறியது. காலம் கடந்தபின் பழி வந்து விழுந்தது மாடு மேய்த்தவர்கள் மீதும் விறகு பொறுக்கியவர்கள் மீதும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களில் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். குழிந்த பகுதியின் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டி இயற்கை ஓடையோடு இணைப்பது, அதிலிருந்து இருபுறமும் மீன் முள்போலச் சிறு வாய்க்கால்களைப் பிரிப்பது என்பது அவர்கள் வகுத்த முறை. ஏற்றவற்றம் ஒழுங்காக உள்ளே வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. கரைகளில் கன்று நட்டார்கள். நடாத இடத்திலும் தானாக முளைத்தது. வனத்துறையும் சுற்றுவட்டார ஊர் மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. கன்று நடுவதற்கு முன் தண்ணீரின் வழியைச் சரிசெய் என்ற இந்தப் பாடம் பிறகு முத்துப்பேட்டைக்கும் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களுக்கும் போனது. பிச்சாவரம் இந்தியாவுக்குத் தந்த பெரிய கொடை இதுதான்.

இந்தக் காட்டோடு மிக நெருங்கி வாழ்பவர்கள் கிள்ளை பக்கத்து இருளர்கள். இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். அவர்கள் கைக்கு இறால் வருவது மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றத்தோடு காட்டுக்குள் வந்து, வேர்களின் இடுக்கில் உதிர்ந்த இலை மக்கிய சேற்றை உண்டு வளரும். மழைக்கால வெள்ளம் வரும்போது திரண்டு கடலுக்குத் திரும்பும். மடவைக்கும் கொடுவாய்க்கும் நண்டுக்கும் ஏறத்தாழ இதே வாழ்க்கைதான். ஆழ்கடலில் விசைப்படகு பிடித்து வரும் இறாலுக்கும் தொட்டில் இந்தச் சேறுதான்.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி தாக்கியபின் இந்தக் காடு செய்திகளில் இடம்பிடித்தது. பரங்கிப்பேட்டைக் கடலோரத்தில் 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும், மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வும் கடலூர் மாவட்டக் கடற்கரையைப் பார்த்து அதே முடிவுக்கு வந்தது. எதிர்வாதமும் எழுந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் சற்று மேட்டிலும் இருந்தன. காப்பாற்றியது தூரமும் உயரமும்தான், மரத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லமுடியாது என்று வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை வைத்து வாதிட்டார்கள். இந்த மறுப்பை மறைக்கவேண்டிய தேவையில்லை. சுனாமியை மரம் தடுக்கும் என்று வாக்குக் கொடுத்து மக்களை அலைவாயில் குடியமர்த்துவது ஆபத்து. ஆண்டுதோறும் வரும் புயல் அலையையும் கரை அரிப்பையும் இந்தக் காடுகள் குறைக்கின்றன என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காட்டைக் காப்பதற்கு அந்த ஒரு காரணம் தாராளமாகப் போதும்.

இடையில் இன்னொரு அலையும் வந்தது. 1990களில் இறால் பண்ணைகள். நாகை, கடலூர் கடலோரங்களில் வயலும் சதுப்பும் பண்ணைக் குட்டைகளாகி, நிலத்தடி நீரில் உப்பு ஏறியது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தபோது அந்தத் தீர்ப்பின் கூர்மை மழுங்கிப்போனது.

இனி மலைக்கு ஏறவேண்டும்.

கல்வராயன் ஒரே மலை அல்ல. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு, ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. மலையாளிப் பழங்குடியினர் அங்கே கொத்தடிமைகளாக உழைத்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைப்பார்கள். காட்டில் கடுக்காயும் புளியும் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். தோல் பதனிடக் கடுக்காயை மலை கொடுத்தது; வலைக்குச் சாயமேற்றக் கடலோரத்து மக்கள் கண்டல் பட்டையை உரித்தார்கள். ஒரே துவர்ப்பு, ஆற்றின் இரு முனைகளிலும்.

சாமை விதைத்த சரிவில் இப்போது மரவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் ஏறியிருக்கின்றன. பணம் வரும் பயிர் என்பதால் அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் மண்ணுக்கு அது வேறு கணக்கு. சாமை நெருக்கமாக முளைத்து மண்ணைப் போர்வையாக மூடும். மரவள்ளியோ தள்ளித் தள்ளி நிற்கும்; அறுவடையின்போது கிழங்கைப் பிடுங்குவது என்றால் சரிவையே கிளறிப் போடுவது. அடுத்த மழையில் மேல்மண் ஓடையில் இறங்கிவிடும். அந்த மண்ணில் பெரும்பகுதி கடலுக்கும் போவதில்லை. முதலில் அணையின் மடியில் படிந்து அதன் கொள்ளளவைத் தின்னும். சரிவின் மண் போனது மலைக்காரருக்கு நட்டம், அணை தூர்ந்தது சமவெளி விவசாயிக்கு நட்டம், வண்டல் வராதது பிச்சாவரத்துக்கு நட்டம்.

கிழங்கு மலையை விட்டு இறங்கியபின்னும் ஆற்றை விடுவதில்லை. அது போவது ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி அங்கேதான் பிறக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைத் தரம்பிரித்தபோது, மிக மோசமான முதல் வரிசையில் வசிட்ட நதியும் இருந்தது. வெள்ளாற்றின் தாய்களில் ஒன்று அது. வெள்ளம் வரும் மாதங்களில் எல்லாம் கரைந்து போகும். ஆறு ஊசியாக மெலியும் கோடையில் கழிவே ஆறாகிவிடும்.

அணைகளைப் பழிப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. 1960களில் கோமுகி அணை வந்திருக்காவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் நெல்லும் கரும்பும் இந்த அளவுக்கு விளைந்திருக்காது. கேள்வி வேறு. ஓர் ஆற்றின் நீரைப் பங்கிடும்போது பழைய பாசனம், புதிய பாசனம், குடிநீர், தொழிற்சாலை என்று எல்லோருக்கும் ஒரு பங்கு வைக்கிறோம். முகத்துவாரத்துக்கு என்று யாராவது ஒரு பங்கு வைத்திருக்கிறார்களா? வெள்ளாற்றில் இல்லை. காவிரியிலாவது, 2007இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது, சூழலியல் தேவைக்கென்று 10 டி.எம்.சி.யும் தவிர்க்கமுடியாமல் கடலுக்குப் போவதாக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. சிறிய தொகைதான். ஆயினும் கடலுக்குப் போகும் நீருக்கும் ஒரு கணக்குப் பத்தி உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. வெள்ளாறுபோல் ஒரே மாநிலத்துக்குள் பிறந்து முடியும் ஆறுகளுக்கு வழக்கும் இல்லை, நடுவர் மன்றமும் இல்லை. அதனால் கணக்கும் இல்லை.

பங்கு வைக்காததன் விலையைக் கடலோர விவசாயியும் கொடுக்கிறார். ஆற்றின் தள்ளுவிசை குறைந்ததும் கடல் ஆற்றுக்குள் ஏறியது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்த இடங்களில் இன்னும் எளிதாக ஏறியது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே கோடிக்கணக்கில் செலவழித்துக் கதவணை கட்டவேண்டி வந்ததன் காரணங்களில் ஒன்று இந்த உப்புநீர் ஏற்றம். மேலே விடாத நீருக்கு ஈடாகக் கீழே கான்கிரீட் போடவேண்டியிருக்கிறது.

பவளப்பாறைகள் இந்தக் கதையில் எங்கே வருகின்றன? பரங்கிப்பேட்டையில் கடலில் இறங்கினால் பவளத்தைப் பார்க்கமுடியாது. அதற்கும் காரணம் ஆறுதான். கண்டல் மரம் கேட்டு நிற்கும் நன்னீரையும் வண்டலையும் பவளம் வெறுக்கிறது. பவளம் என்பது கல்லாகத் தெரியும் உயிர்க்கூட்டம். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு சமைத்துத் தருகிறது. நீர் கலங்கினால் வெயில் போகாது. சேறு படிந்தால் மூச்சே நிற்கும். எனவே தமிழ்நாட்டின் பவளம், பேராறுகளின் முகத்துவாரங்களிலிருந்து விலகி, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவின் தென்பகுதியிலும் ஒதுங்கி வளர்ந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும், உலகில் அவை அடுத்தடுத்து வாழும் இடங்களில் அலையாத்திக் காடுதான் பவளத்தின் வடிகட்டி. ஆறு கொண்டுவரும் மண்ணை வேர்களில் நிறுத்திக்கொண்டு தெளிந்த நீரைக் கடலுக்கு அனுப்புகிறது. மேலே சரிவு சிதைந்து மண் அளவுக்கு மீறி வந்தால் காட்டுக்கும் கேடு, பவளத்துக்கும் கேடு.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிய பாறைகளை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். உடைத்துக் கரைக்கு வந்த கல்லுக்கு முருகைக்கல் என்று பெயர். 117 பவள இனங்கள் பதிவாகியிருக்கின்றன. 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பவளத்தைச் சுமந்த பாறை போனதும் அலையை உடைக்க ஆளில்லாமல், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்தது. சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது உண்மையில் நின்றது.

பவளம் போனால் என்ன ஆகும் என்பதை அந்தச் சுனாமியே இலங்கையின் தென்மேற்குக் கரையில் காட்டியது. ஹிக்கடுவையில் பாறை காக்கப்பட்டிருந்தது. அலை கரையில் 50 மீட்டர் அளவே ஏறியது. சில கிலோமீட்டர் தள்ளி, பவளம் வெட்டி எடுக்கப்பட்டிருந்த பெரலியவில் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போனது. ரயில் ஒன்றைத் தூக்கி எறிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஃபெர்னாண்டோ தலைமையிலான குழு 2005இல் வெளியிட்ட கணக்கு இது.

வெட்டுவது நின்றபின்னும் மன்னார் வளைகுடா தேறிவிடவில்லை. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி, பவளம் தன் பாசியை உதறி வெளுத்தது. உயிருள்ள பவளத்தின் பரப்பு 2005இல் ஏறத்தாழ 37 விழுக்காடு, 2021இல் 27 விழுக்காடு. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசி, மண்டபம் பக்கத்தில் குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்து மூடியது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்க்கிறது. மூழ்கும் நிலையில் இருந்த வான் தீவைக் காக்க அதன் முன்னே செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டிருக்கின்றன. பொறுமையான, வணங்கத்தக்க வேலை. ஆனால் 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. கடலின் சூட்டைத் தூத்துக்குடியிலிருந்து குறைக்க முடியாது. கழிவும் சேறும் இல்லாத நீரில் வெளுத்த பவளம் எழுந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம்; நம் கையில் இருப்பது அந்த நீர்தான்.

கன்று நடும் விழாக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே நாளில் இத்தனை லட்சம் கண்டல் கன்று என்ற அறிவிப்புகள் உற்சாகம் தருபவை. சுனாமிக்குப் பிந்திய இலங்கையில் 23 இடங்களில் நட்ட கன்றுகளை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, 9 இடங்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது 200 ஹெக்டேர் அளவே. நீர் ஏறி இறங்கும் மட்டம் தவறிய இடத்தில், அந்த மண்ணுக்குப் பொருந்தாத இனத்தை நட்டிருந்தார்கள். நம் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைச் சீவிப்போட்டது. அங்கேயும் மீட்சி என்பது கன்றின் எண்ணிக்கையில் இல்லை. வாய்க்கால் எத்தனை திறந்திருக்கிறது, காவிரியில் எவ்வளவு வருகிறது என்பதில் இருக்கிறது.

இப்போது காலம் ஓரளவு அனுகூலமாக இருக்கிறது. ஒன்றிய அரசு 2023இல் அலையாத்திக் காடுகளுக்கென்றே மிஷ்டி என்ற திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு பசுமை இயக்கமும் கடலோர மீட்பு பற்றிப் பேசுகிறது. அலையாத்திக் காட்டின் சேறு பெருமளவு கார்பனைப் புதைத்து வைக்கிறது என்ற கணக்கு உலக நிதியையும் இழுக்கிறது. ஆனால் பணம் கடலோர மாவட்டங்களில் வந்து நின்றுவிடுகிறது. கல்வராயன் மலை வனத்துறையின் ஒரு கோட்டம், அணைகள் நீர்வளத்துறை, முகத்துவாரம் மீன்வளத்துறை, பிச்சாவரம் மறுபடி வனத்துறையின் வேறொரு கோட்டம். ஒரே நீரை நான்கு கோப்புகளில் பிரித்து வைத்திருக்கிறோம். வெள்ளாற்றுப் படுகைக்கு என்று ஒரே மேசை, அந்த மேசையில் வெள்ளிமலைச் சாமை விவசாயிக்கும் கிள்ளை இருளருக்கும் ஒரு நாற்காலி என்பது பெரிய ஆசை அல்ல.

அப்படி ஒரு மேசை வந்தால் முதல் செலவை மலையில்தான் செய்யவேண்டும். சரிவில் சமமட்ட வரப்பும் கல்தடுப்பும். மரவள்ளிக்கு நடுவே மண்ணை மூடும் பயிர். சாமைக்குக் கட்டுப்படியாகும் விலை, ரேஷன் கடையிலும் பள்ளிச் சத்துணவிலும் அதற்கு ஓர் இடம். கடுக்காய், புளி மரங்களை வெட்டாமல் விட்டால் மலைக்காரருக்கு வருமானம். எல்லாம் பழகிய வேலைகள்தான். கடலோரத்துக்காக மலைக்காரர் பட்டினி கிடக்கவேண்டும் என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. அவர் சரிவைக் காக்கும் உழைப்புக்குக் கூலி கொடுக்கவேண்டியது கீழே இருக்கும் நாமெல்லாரும். அடுத்தது அணைகளில்: நிரம்பும் காலத்தில் எப்படியும் திறக்கப்போகும் நீரை ஒரே மூச்சில் வெள்ளமாகத் தள்ளாமல், பயிருக்குக் குறைவைக்காத அளவில், முகத்துவாரத்தின் தேவையையும் நாட்காட்டியில் குறித்துப் படிப்படியாக விடமுடியுமா என்று பார்க்கவேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களைப் புரட்டிப்போட்டதைப் பார்த்தவர்கள், வெள்ளத்தைப் பிரித்து விடுவதன் அருமையை அறிவார்கள்.

கோமுகியின் மதகு திறந்த தண்ணீர் கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கூடலையாற்றூரைத் தாண்டி, சேத்தியாத்தோப்பில் சற்றே தயங்கிப் பரங்கிப்பேட்டைக்கு வரும்போது கடலின் நீலத்தில் செம்மை நாக்குபோல் நீளும். அந்தப் பருவத்தில்தான் கண்டல் விதைகளும் முற்றி உதிர்கின்றன. கழிமுக நீரின் உவர்ப்பு தணியும். வேரிடுக்கில் வளர்ந்த இறால் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தை நோக்கி நகரும். கிள்ளையில் பறியை எடுத்துக்கொண்டு விடியுமுன் இறங்குகிறவர்கள் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மேலே நல்ல மழை என்று.